அப்பாவுக்குக் கல்லீரல் கொடுக்கும் முன் ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை வேண்டுமா?

கரூர்ப் பக்கத்திலிருந்து 31 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். இரண்டு லேப் ரிப்போர்ட்டும் ஒரு மருந்து டப்பாவின் போட்டோவும் கூட இருந்தன. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"அப்பாவுக்கு 58 வயது. குடியே கிடையாது. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. போன தீபாவளிக்கு அப்புறம் வயிறு வீங்க ஆரம்பித்தது. சிரோசிஸ், கல்லீரல் சுருங்கிவிட்டது, மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் அப்பாவுக்கும் ஒரே ரத்த குரூப். தம்பிக்கும் அதேதான், ஆனால் அவன் மாமனார் வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். நான் தருகிறேன் என்றேன். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, எனக்கும் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது, இரண்டு மாதத்தில் ஆறேழு கிலோ குறைத்துக்கொண்டு வாங்க என்று அனுப்பினார்கள். என் எடை 71 கிலோ, உயரம் 156 செ.மீ.

அன்று ராத்திரியே நெட்டில் உட்கார்ந்து படித்தேன். கல்லீரலைக் கெடுப்பது ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், ஆன்டி-ஆக்ஸிடன்ட் எடுத்தால் கொழுப்பும் கரையும், ஆபரேஷனுக்குப் பிறகு கல்லீரலும் சீக்கிரம் வளரும் என்று இருந்தது. க்ரீன் டீ சாறு கேப்ஸ்யூல் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு, சாயங்காலம் இரண்டு, கூட வைட்டமின் ஈ. தெரிந்த ஸ்கின் கிளினிக்கில் வாரம் ஒரு குளுட்டோதயோன் ஊசி. ராத்திரி சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். தலைவலித்தால் பாராசிட்டமால். ஆறு வாரத்தில் ஐந்து கிலோ குறைந்துவிட்டது. ஆனால் 34 இருந்த எஸ்.ஜி.பி.டி. 126 ஆகியிருக்கிறது. எனக்கு ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. டோஸைக் கூட்டட்டுமா?"

இது போக, கல்லீரல் முழுசாக வளர்ந்துவிடும் என்கிறார்களே, அப்புறம் ஏன் வீட்டில் இத்தனை பயம் என்று கேட்கிறார். நாலு வயதில் ஒரு குழந்தை இருக்கிறது, இன்னொன்று பெற முடியுமா என்பது அடுத்த கேள்வி. "கட்டிக்கொடுத்த பொண்ணு வயித்தை அறுக்க அவங்களுக்கு என்ன உரிமை" என்று மாமியார் சொல்கிறாராம். கணவர் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும், தம்பியைச் சட்டப்படி வரவழைக்க முடியுமா என்றும் எழுதியிருக்கிறார். அப்பா தினமும் கீழாநெல்லிச் சாறும் சீந்தில் கஷாயமும் குடிப்பதாகக் கடைசி வரியில் போகிற போக்கில் ஒரு தகவல்.

டோஸைக் கூட்டாதீர்கள், இன்றைக்கே நிறுத்துங்கள்

சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். க்ரீன் டீ கேப்ஸ்யூல், வைட்டமின் ஈ, ஊசி மூன்றையும் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் நிறுத்திவிடுங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து எதுவும் இதில் இல்லை.

உங்கள் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐந்து கிலோ குறைந்த ஒருவருக்குக் கல்லீரல் கொழுப்பும் குறைந்திருக்கும், எஸ்.ஜி.பி.டி. இறங்கியிருக்க வேண்டும். எடை மளமளவென்று இறங்கும்போது அது கொஞ்சம் ஏறுவது உண்டு. ஏறக்குறைய நாலு மடங்காக ஏறினால் வேறு காரணம் தேட வேண்டும். எஸ்.ஜி.பி.டி. என்பது கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய ஒரு என்சைம். செல் அடிபட்டு உடையும்போது ரத்தத்தில் கசியும். அதை வைத்து உடம்பில் 'ஸ்ட்ரெஸ்' எவ்வளவு என்று அளக்க முடியாது. உங்கள் கல்லீரலில் எதனாலோ செல்கள் அடிபடுகின்றன என்பதைத்தான் அந்த 126 சொல்கிறது.

எதனால்? டப்பாவின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கேப்ஸ்யூலில் 500 மில்லிகிராம் சாறு, அதில் 45 சதவீதம் ஈ.ஜி.சி.ஜி. என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. க்ரீன் டீயின் முக்கியமான ஆன்டி-ஆக்ஸிடன்ட் அதுதான். ஒரு கேப்ஸ்யூலுக்கு 225 மி.கி., நாலுக்கு 900 மி.கி. துணை உணவாக ஒரு நாளைக்கு 800 மி.கி.யும் அதற்கு மேலும் எடுப்பவர்களுக்குக் கல்லீரல் என்சைம்கள் உயர்கின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லேயே சொல்லிவிட்டது. டம்ளரில் க்ரீன் டீ குடிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பத்துப் பதினைந்து கோப்பையின் சரக்கைப் பொடியாக்கி, அதுவும் வெறும் வயிற்றில் விழுங்கினால் ரத்தத்தில் ஏறும் அளவே வேறு. அந்த அளவில் இதே பொருள் செல்லுக்குள் போய் எதிர்வேலை செய்கிறது, தானே ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸை உண்டாக்குகிறது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பது தெரிந்திருக்கிறது. நீங்கள் அந்த வகையா என்று கடிதத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வழியில்லை. கேப்ஸ்யூலை நிறுத்தி, எண் இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் நடைமுறையில் உள்ள பரிசோதனை.

மஞ்சள்காமாலையில் ஏறும் நிறமிப் பொருளான பிலிருபின் 0.8 என்று இருக்கிறது, அது இயல்பான அளவுதான், நிம்மதி. பத்து நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். மஞ்சள்காமாலை வைரஸ்களுக்கான சோதனைகளையும் கூடவே செய்யச் சொல்லுங்கள், பழியைக் கேப்ஸ்யூல் மேலேயே போட்டுவிட்டு ஒரு ஹெபடைடிஸைத் தவறவிடக் கூடாது. அதற்குள் சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ பத்து நாள் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேப்ஸ்யூல்தான் காரணம் என்றால் என்சைம்கள் இறங்கப் பெரும்பாலும் சில வாரம், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை எந்த அறுவை சிகிச்சைக் குழுவும் உங்கள் மேல் கத்தி வைக்காது, வைக்கவும் கூடாது. அப்பாவுக்காக அவசரப்பட்டு எடுத்த மாத்திரை, அப்பாவின் தேதியைத் தள்ளிப்போட்டிருக்கலாம். கசப்பாகத்தான் இருக்கும். மறைப்பதற்கு மட்டும் நினைக்காதீர்கள், டப்பாவோடு போய்க் குழுவிடம் சொல்லிவிடுங்கள்.

முறுக்கு டப்பாவில் வரும் சிக்கு வாடை

நீங்கள் படித்தது முழுப்பொய் இல்லை. ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் கல்லீரலைக் கெடுக்கும் என்பது உண்மை. அதிலிருந்து 'ஆகவே ஆன்டி-ஆக்ஸிடன்ட் விழுங்கு' என்று தாவுவதில்தான் ஓட்டை.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற அடுப்பு உண்டு. சாப்பாட்டை ஆக்ஸிஜனில் எரித்துச் சக்தி எடுக்கிறது. எரியும்போது பொறி பறக்கும். சூப்பர் ஆக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்ற அந்தப் பொறிகளைத்தான் ஃப்ரீ ராடிக்கல் என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். பொறியை அணைக்கச் செல்லே ஆள் வைத்திருக்கிறது, ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்பது அந்த ஆள்தான். குளுட்டோதயோன் அதில் முக்கியமான ஆள், உடம்பிலேயே அது மிக அதிகமாக இருக்கும் இடங்களில் ஒன்று கல்லீரல். பொறி அதிகமாகி அணைக்கிற ஆள் போதாமல் போகும் நிலைக்குத்தான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று பெயர்.

கொழுப்பேறிய கல்லீரலில் என்ன நடக்கிறது? எரிக்க வேண்டிய கொழுப்பு குவிந்துகிடப்பதால் அடுப்பு ஓயாமல் எரிகிறது, பொறியும் ஓயாமல் பறக்கிறது. அந்தப் பொறி பட்டுக் குவிந்திருக்கும் கொழுப்பே கெட்டுப்போகிறது. தீபாவளி முறுக்கைப் பொங்கல் வரைக்கும் டப்பாவில் வைத்துத் திறந்தால் ஒரு சிக்கு வாடை வருமே, அந்த வேதியியல்தான் இது. எண்ணெய் காறுவதும் கல்லீரல் கொழுப்பு காறுவதும் ஒரே வகை மாற்றம். காறிய கொழுப்பு செல்லின் சவ்வை ஓட்டை போடும். அக்கம்பக்கத்தில் இருக்கும் காவல் செல்கள் அழற்சியைக் கிளப்பும். அதைப் பார்த்து, சும்மா வைட்டமின் ஏ-யைச் சேர்த்துவைத்துக்கொண்டிருந்த நட்சத்திர வடிவச் செல்கள் வேலையை மாற்றிக்கொண்டு நார் நெய்யத் தொடங்கும். வருஷக்கணக்கில் நார் மேல் நார் சேர்ந்து இறுகினால் அதுதான் சிரோசிஸ். குடி தொடாத உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரையோடு சேர்ந்து இந்த வழியில் வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். "குடிக்காதவனுக்கு எப்படிய்யா கல்லீரல் போகும்" என்று ஊரார் கேட்டால் முறுக்கு டப்பாவைக் காட்டுங்கள்.

அப்படியென்றால் வைட்டமின் ஈ நல்லதுதானே என்பீர்கள். சர்க்கரை நோய் இல்லாமல், பயாப்ஸியில் கொழுப்போடு அழற்சியும் உறுதியான 247 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்து 2010இல் வெளியானது. தினம் 800 யூனிட் வைட்டமின் ஈ, 96 வாரம். எடுத்தவர்களில் 43 சதவீதம் பேருக்குக் கல்லீரல் தேறியது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 19 சதவீதம். பலன் இருக்கிறது. ஆனால் நார்த் தழும்பு குறிப்பிடும்படி குறையவில்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம் எடுத்துக் கிடைத்த பலன் அது, இரண்டு மாதத்தில் ஆபரேஷன் மேஜைக்குப் போகிறவருக்கு உதவாது. இன்னொரு பெரிய ஆய்வில் 400 யூனிட் எடுத்த ஆண்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது 2011இல் தெரியவந்தது. வைட்டமின் என்று பெயர் இருப்பதாலேயே எதுவும் மிட்டாய் ஆகிவிடாது.

குளுட்டோதயோன் ஊசியைப் பற்றி: தோல் வெளுக்க என்று விற்கிற சரக்கைக் கல்லீரல் கொடையாளர் போட்டுக்கொள்வதால் நன்மை என்பதற்கு நிரூபணம் இல்லை. கல்லீரல் தனக்கு வேண்டிய குளுட்டோதயோனைப் பருப்பு, முட்டை, மீன், பாலில் வரும் புரதத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. நீங்களோ ராத்திரி சாப்பாட்டை நிறுத்தி அந்தக் கச்சாப் பொருளையே குறைத்துவிட்டீர்கள். பட்டினி கிடந்தால் கல்லீரலின் குளுட்டோதயோன் கையிருப்பு இறங்கும். அந்த நேரம் பார்த்து பாராசிட்டமால் போடுகிறீர்கள். பாராசிட்டமால் உடையும்போது ஒரு சின்னப் பங்கு விஷப்பொருளாக மாறும், அதைக் கட்டிப்போடுவது குளுட்டோதயோன்தான். சாதாரண அளவில், சாப்பிடுகிற உடம்பில் இது பிரச்சினையே இல்லை, நல்ல மாத்திரை. ஒருவர் அளவுக்கு மீறி விழுங்கிவிட்டு வந்தால் டாக்டர்கள் நாங்கள் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்தைக் கொடுப்பதும் குளுட்டோதயோனை மறுபடி நிரப்பத்தான். எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஏறக்குறைய எல்லோரும் தப்பிவிடுகிறார்கள். ஆன்டி-ஆக்ஸிடன்ட் சிகிச்சை என்று நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது இந்த ஒன்றைத்தான். உங்களுக்கு வரும் தலைவலி பசியால் வருவது. இரண்டு இட்லியில் போய்விடும்.

வளரும், ஆனால் வெட்டிய பக்கம் வளராது

பெரியவருக்குக் கொடுக்கும்போது பெரும்பாலும் வலது பாகத்தை எடுப்பார்கள், உங்கள் கல்லீரலில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு மேல் அது. எடுத்த வலது பாகம் அந்த இடத்தில் மறுபடி முளைக்காது. உள்ளே விட்டுவைத்த இடது பாகம் பருத்துப் பெரிதாகும். மூன்று மாதத்தில் பழைய அளவில் ஏறத்தாழ 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது என்பது கொடையாளர்களை அளந்து பார்த்த கணக்கு. முதல் இரண்டு வாரத்தில்தான் வேகம் அதிகம்.

அது எப்படித் தொடங்குகிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் நடுமையம். குடலிலிருந்து வரும் ரத்தம் முழுவதும் நேற்று வரை பெரிய கல்லீரலில் பாய்ந்தது, இன்று மூன்றில் ஒரு பங்குக்குள் பாய வேண்டியிருக்கிறது. அந்த அழுத்தமே முதல் சமிக்ஞை. காவல் செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற தூதுப்பொருளை விடுகின்றன, வளர்ச்சிக் காரணிகள் வருகின்றன, மாதக்கணக்காகப் பிரியாமல் தூங்கிக்கொண்டிருந்த செல்கள் பிரியத் தொடங்குகின்றன. இந்தத் தூது வேலையில் நாம் எதிரி என்று நினைத்த ஹைட்ரஜன் பெராக்ஸைடும் சிறிய அளவில் சேர்ந்துகொள்கிறது. உறங்கும் செல்லை எழுப்புவதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

எலிகளில் செய்த சோதனை இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. பொறி அதிகமானால் செல்லின் தற்காப்பு முழுவதையும் முடுக்கிவிடும் ஒரு புரதம் உண்டு, பெயர் என்.ஆர்.எஃப்.2. அது இல்லாத எலிகளின் கல்லீரலை வெட்டினால் வளர்ச்சி தாமதமாகிறது. பொறி அடங்காததால் வளர்ச்சிக்கான கட்டளைகளே செல்லுக்குள் சரியாகப் போவதில்லை. சரி, அதே புரதத்தை எந்நேரமும் முடுக்கியே வைத்தால்? அப்போதும் வளர்ச்சி தாமதமாகிறது. எலியில் பார்த்ததை மனிதருக்கு அப்படியே நீட்டக் கூடாது, தெரியும். ஆனால் ஆன்டி-ஆக்ஸிடன்டைக் கூட்டக் கூட்டக் கல்லீரல் வேகமாக வளரும் என்று டப்பாவில் அச்சடிப்பவர்களுக்கு எலியின் ஆதரவுகூட இல்லை.

அறுவை அரங்கில் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் நேரடியாகத் தாக்கும் நேரம் ஒன்று உண்டு. உங்களிடமிருந்து எடுத்த பாகம் ரத்தமில்லாமல் ஐஸில் இருக்கும். அப்பாவின் உடம்பில் பொருத்தி, ரத்தக்குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைத் திறந்ததும் ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் திடீரென்று பாயும். சாம்பல் பூத்த நிறத்தில் இருந்த உறுப்பு கண்ணெதிரே செவக்கும், எத்தனை தடவை பார்த்தாலும் அரங்கில் ஒரு கணம் பேச்சு நின்றுவிடும். உள்ளே அதே கணத்தில் பொறி வெடிக்கிறது. கொழுப்பேறிய கல்லீரல் இந்த அடியைத் தாங்குவதில்லை, காறுவதற்கு அதில் சரக்கு அதிகம். உறுப்பை வைக்கும் திரவங்களில் பழைய பெயர்பெற்ற ஒன்று 1980களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதில் சேர்த்த பொருள்களில் ஒன்று குளுட்டோதயோன். அழகுக்குப் போட்டுக்கொண்டீர்களே, அதுவேதான். இடமும் நேரமும் அளவும் சரியாக இருந்தால் அது மருந்து.

ஆக, கொழுப்பைக் குறைத்துக்கொண்டு வாங்க என்று குழு சொன்னதே உங்களுக்கான ஆன்டி-ஆக்ஸிடன்ட் சிகிச்சை. அந்தச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்றை நெட்டில் தேடியிருக்கிறீர்கள்.

வீட்டில் பயப்படுவது சும்மா இல்லை

கல்லீரல் வளர்ந்துவிடும் என்பது வேறு, ஆபரேஷன் லேசானது என்பது வேறு. வலது பாகம் கொடுப்பவர்களில் 200 முதல் 500 பேருக்கு ஒருவர் இறக்க நேரிடுகிறது என்பது உலகளவில் சொல்லப்படும் கணக்கு. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு சிக்கல் வரும்: பித்தக் கசிவு, தொற்று, தழும்பில் குடலிறக்கம், தழும்பைச் சுற்றி மரத்துப்போதல். பெரும்பாலானவை சரியாகிவிடும். ரத்தத் தட்டணுக்கள் சிலருக்கு வருஷக்கணக்கில் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். வாரம் பத்து நாள் ஆஸ்பத்திரி, ஒன்றரை மாதம் கழித்து லேசான வேலை, மூன்று மாதம் குடம் தூக்கக் கூடாது. நாலு வயதுக் குழந்தையையும் தூக்கக் கூடாது, அதற்கு இப்போதே ஆள் பாருங்கள். உங்களுக்கு மிஞ்சும் பாகம் மொத்தத்தில் 30, 35 சதவீதத்துக்குக் குறையும் என்று ஸ்கேன் காட்டினால் குழுவே வேண்டாம் என்றுவிடும்.

இன்னொரு குழந்தை பெறலாம். பொதுவாக ஒரு வருஷம் பொறுக்கச் சொல்வோம். கருத்தடை மாத்திரை எடுப்பவராக இருந்தால் ரத்தம் உறையும் அபாயத்துக்காக ஆபரேஷனுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், குழுவிடம் கேளுங்கள்.

இந்தியாவில் முதன்முதலாக வெற்றி பெற்ற கல்லீரல் மாற்று அறுவை 1998இல் தில்லியில் நடந்தது. பெற்றுக்கொண்டது காஞ்சிபுரத்துக் குழந்தை, வயது இரண்டுகூட நிரம்பவில்லை. கொடுத்தது அதன் அப்பா. அந்தக் குழந்தை வளர்ந்து இன்று டாக்டர். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள், கூடவே மேலே சொன்ன 200க்கு ஒன்று கணக்கையும் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்லிச் சம்மதம் வாங்கினால் அது சம்மதம் ஆகாது.

கையெழுத்து உங்களுடையது

உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் வந்தது, 2011இல் திருத்தப்பட்டது. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோர் நெருங்கிய உறவினர். கல்யாணம் ஆகிவிட்டால் மகள் மகளில்லாமல் போவதில்லை, சட்டம் உங்களை அப்பாவின் நெருங்கிய உறவாகத்தான் பார்க்கிறது. உங்கள் கணவர் கொடுக்க முன்வந்தால்தான் சிக்கல், மருமகன் அந்தப் பட்டியலில் இல்லை, அங்கீகாரக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும்.

கணவரின் கையெழுத்தைப் பல மருத்துவமனைகள் கேட்கின்றன. காரணம், நாளைக்கு உங்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அவர்தான். ஆனாலும் உறுப்பு உங்களுடையது, ஒப்புதலும் உங்களுடையது. 2014 விதிகளில் பெண் கொடையாளர் பற்றித் தனியாகவே ஒரு விதி இருக்கிறது: கூடுதல் கவனம் வேண்டும், அவர் சுயமாகச் சம்மதிக்கிறார் என்பதை உறுப்பு பெறுபவர் அல்லாத ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். கொடுப்பதென்றால் அக்கா, அம்மா, மனைவி என்று பெண்கள் பக்கமே குடும்பத்தின் கண் திரும்புவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த விதி எழுதப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

தம்பியை எந்தச் சட்டமும் இழுத்து வராது, வரவும் கூடாது. பணமோ சொத்தோ கைமாறி ஒருவர் உறுப்பு கொடுத்தால் ஐந்து முதல் பத்து வருஷம் வரை சிறை. "வீட்டை உன் பேருக்கு எழுதித் தர்றோம்டா" என்று யாராவது அவனிடம் பேச்செடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று. மயக்க மருந்து கொடுக்கும் நிமிஷம் வரை நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். வீட்டில் முகம் காட்ட முடியாதே என்ற கவலை வந்தால் கொடையாளர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். 'மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை' என்று மட்டும் அவர் குடும்பத்திடம் சொல்வார். நீங்கள் தயங்குகிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் ஆறு பக்கக் கடிதத்தில் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று ஓரிடத்திலும் எழுதாத ஒருவரிடம் இதைச் சொல்லிவைக்கத் தோன்றுகிறது.

மிச்சம் ஒன்றிரண்டு கிலோ

ஐந்து கிலோ குறைத்திருக்கிறீர்கள், உங்கள் எடையில் ஏழு சதவீதம். கல்லீரல் கொழுப்பு கணிசமாக வடிவதற்கு இதுவே போதும். இனிமேல் வேகம் தேவையில்லை. ராத்திரி சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள்: ஏழரை மணிக்குள் இரண்டு தோசையோ சப்பாத்தியோ, ஒரு கிண்ணம் பருப்பு அல்லது சுண்டல், காய். மதியச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரையும் முட்டையும். சர்க்கரை போட்ட பானம், பேக்கரிப் பண்டம், ஜூஸ் எதுவும் வேண்டாம். தேன் எலுமிச்சைத் தண்ணீரில் கரைவது தேன் மட்டும்தான். தினம் முக்கால் மணி நேரம் வேர்க்க நடந்தால் எடை இறங்காத வாரத்தில்கூடக் கல்லீரல் கொழுப்பு குறையும்.

காபி குடிப்பீர்களா? சர்க்கரை இல்லாமல் இரண்டு மூன்று டம்ளர் குடிக்கலாம். காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரலில் நார்த் தழும்பு குறைவு என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. கும்பகோணத்துக்காரன் என்பதால் பாரபட்சமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

அப்பாவின் கஷாயம்

கீழாநெல்லி மேல் நம் ஊருக்கு இருக்கும் நம்பிக்கை எனக்குத் தெரியும். 1988இல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு, ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு அது உதவுகிறது என்று லான்செட் என்ற பெரிய மருத்துவ இதழிலேயே வெளியானது. பின்னால் மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அப்பாவுக்கு இருப்பது ஹெபடைடிஸ் பி-யும் அல்ல. நான் அதிகம் பயப்படுவது சீந்திலைப் பார்த்து. கோவிட் சமயத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று வீட்டுக்கு வீடு சீந்தில் குடித்தார்கள். அப்படிக் குடித்துக் கல்லீரல் அழற்சியோடு வந்தவர்களை 2021இலிருந்து இந்திய மருத்துவர்கள் பதிவுசெய்து வெளியிட்டிருக்கிறார்கள். அதில் நிலைமை மோசமானவர்கள் ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்கள். மிச்சமிருக்கும் கொஞ்சக் கல்லீரலையும் வைத்து அப்பா பரிசோதனை செய்ய வேண்டாம். மூட்டுவலி மாத்திரையும் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது, வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு அது சிறுநீரகத்தைப் படுத்தும்.

நீங்கள் தயாராகும் வரை அவர் சும்மா காத்திருக்க வேண்டியதில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் நடக்கிறது. அந்தக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று அடுத்த தடவை போகும்போது கேளுங்கள். மகள் கொடுக்க இருக்கிறாள் என்பதற்காகப் பட்டியலில் சேராமல் விடக் கூடாது, இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று இருக்கிறது, அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுதிக் கேளுங்கள்.

பத்தாம் நாள் ரத்தம் கொடுக்கப் போகும்போது கேப்ஸ்யூல் டப்பா, ஊசியின் அட்டை, அப்பா வாங்கும் கஷாயப் பொடியின் பாக்கெட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். பாக்கெட்டில் பெயர் இல்லையென்றால் பொடியையே கொஞ்சம் கொண்டுபோங்கள். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். எஸ்.ஜி.பி.டி. எண்ணை மட்டும் எழுதாமல், ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள் என்றும் எழுதுங்கள்.